டாக்டருக்குப் படித்துவிட்டுக் கணக்கெடுக்கப் போவதா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் விவசாயக் குடும்பம். மகள் தஞ்சாவூர் மெடிக்கலில் எம்.பி.பி.எஸ். முடித்து, இப்போது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராக இருக்கிறாள். பி.ஜி. நீட் எழுதி ஜெனரல் மெடிசினோ மகப்பேறோ எடுப்பாள் என்று இருந்தோம். "மருத்துவத்தின் தரத்தையும், அது எல்லாருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேர்கிறதா என்பதையும் அளக்கிற ஆராய்ச்சிக்குப் போகிறேன்" என்கிறாள். இப்படி ஒரு துறை இருக்கிறதா? டாக்டருக்குப் படித்துவிட்டுக் கணக்கெடுத்துக்கொண்டிருப்பதா? சோறு போடுமா?

பதில்:

இருக்கிறது ஐயா. சோறும் போடும், ஆனால் சொந்தமாக நர்சிங் ஹோம் வைத்தவர் வீட்டு விருந்து அளவுக்குப் போடாது. முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் சுருக்கமான பதில் இதுதான். நடுவில் ஒன்று கேட்டிருக்கிறீர்களே, அதற்குத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். கம்யூனிட்டி மெடிசின், அதாவது சமூக மருத்துவத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் காலத்திலேயே "நீ என்ன டாக்டரா, சர்வேயரா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டதுண்டு.

உங்கள் பக்கத்து விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பாம்புக்கடி. நடவிலும் களையெடுப்பிலும், ராத்திரி தண்ணீர் கட்டப் போன இடத்திலும், அறுவடையிலும் கடிபட்டு வருகிற கேஸ்களை டெல்டாவில் வேலை பார்க்கும் எந்த டாக்டரும் பார்த்திருப்பார். இதில் நாம் நல்ல சிகிச்சை கொடுக்கிறோமா? இந்தக் கேள்விக்கு எப்படி விடை கண்டுபிடிப்பீர்கள்?

இதற்கு ஒரு வழி போட்டுக் கொடுத்தவர் அவேதிஸ் டோனாபேடியன். 1919இல் பெய்ரூத்தில் பிறந்த ஆர்மீனியர், அங்கேயே மருத்துவம் படித்தவர், பிறகு அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1966இல் அவர் எழுதிய ஒரு கட்டுரைதான் இந்தத் துறைக்கு அடித்தளம். மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்: என்ன இருக்கிறது, என்ன செய்கிறார்கள், கடைசியில் என்ன ஆகிறது. கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று பாடத்தில் வரும்.

கட்டமைப்பு சுலபம். விஷமுறிவு மருந்து இருப்பில் இருக்கிறதா, அட்ரினலின் ஊசி பக்கத்தில் இருக்கிறதா, ராத்திரி ஆள் இருக்கிறாரா, 108 வண்டி எங்கே நிற்கிறது. தரச் சான்றுக்காக வருகிற ஆய்வுக் குழுவுக்கு இதெல்லாம் டிக் போட வசதியான விஷயம். இதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றும் இல்லை. இல்லாவிட்டால் வாங்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

செயல்முறையில்தான் விவகாரமே. கண்ணாடி விரியன் கடித்து விஷம் ஏறியிருந்தால் ரத்தம் உறையாது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய லேப் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த, புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிஷம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் மருந்து ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் செய்தால், விஷமே ஏறாதவருடைய ரத்தமும் உறையாமல் ஓடும். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடிக் குழாயிலும் அப்படித்தான். பொறுமை இல்லாமல் பத்து நிமிஷத்தில் சாய்த்துப் பார்த்தாலும் முடிவு தப்பாகப் போகும். கேஸ் ஷீட்டிலோ "இருபது நிமிஷ டெஸ்ட் செய்யப்பட்டது" என்று ஒரே வரி. எந்தக் குழாய், எத்தனை மணிக்கு வைத்தார்கள், எத்தனை மணிக்கு எடுத்தார்கள், ஒன்றும் இருக்காது.

அந்தப் பதிவேட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போடுபவர் "நூற்றுக்கு நூறு" என்று எழுதிவிட்டுப் போவார். ராத்திரி டியூட்டி அறையில் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்ப்பவர் வேறு எண்ணை எழுதுவார். குழாயைக் கையில் எடுத்துப் பார்த்து "இது ஆகாதே சிஸ்டர்" என்று சொல்ல, அந்தச் சோதனையைத் தானே பலமுறை செய்த கை வேண்டும். வெறும் புள்ளியியல் படித்தவருக்கு அந்தக் குழாய் கண்ணில் படாது. உங்கள் நடுக் கேள்விக்குப் பாதி பதில் இதில் இருக்கிறது. கணக்கு யார் வேண்டுமானாலும் போடலாம். எதைக் கணக்கில் எடுப்பது என்று தெரிவதற்கு டாக்டராக இருப்பது உதவுகிறது.

அடுத்தது விளைவு. எத்தனை பேர் பிழைத்தார்கள்? இதுதானே முக்கியம், இதையே எண்ணிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். எண்ணிப் பாருங்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று சுற்றுவட்டாரத்தில் சமாளிக்க முடியாமல் போன கேஸ்கள், மூச்சு வாங்கி, சிறுநீர் நின்று, கடைசியில் தஞ்சாவூர் மெடிக்கலுக்கு வந்து சேரும். சாவும் அங்கேதான் பதிவாகும். விஷமுறிவு மருந்தின் முதல் டோஸ் போடாமல், உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் ரியாக்‌ஷன் வந்துவிடுமோ என்று பயந்து "மேல்சிகிச்சைக்கு அனுப்பிவிட்டோம்" என்று எழுதிய சின்ன ஆஸ்பத்திரியின் கணக்கில் சாவு பூஜ்யம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சின்ன ஆஸ்பத்திரிதான் சிறந்தது என்று ஆகிவிடும்.

அதனால்தான் நோயாளி வந்த நிலைமையையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள்: வயது, கடிபட்டு எவ்வளவு நேரம், வரும்போது சிறுநீரகம் எப்படி, மூச்சு எப்படி. நியூயார்க் மாநிலம் 1990இல் இதயப் பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்கு இப்படிச் சரிசெய்த இறப்பு விகிதங்களை மருத்துவமனைப் பெயரோடு வெளியிட ஆரம்பித்தது. அதன் பிறகு இறப்பு குறைந்தது. ஆனால் கேஸ் கஷ்டமாக இருந்தால் சில டாக்டர்கள் தட்டிக் கழிக்கிறார்கள் என்ற புகாரும் கூடவே வந்தது. 2003இல் பொருளாதார அறிஞர்கள் சிலர் அதற்கு ஆதாரம் காட்டினார்கள். வேறு சிலர் மறுத்தார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. எண்ணைப் பகிரங்கமாக்கினால் நல்லதும் நடக்கும், எண்ணுக்காக நடிப்பும் நடக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்வதே ஒருவருடைய வாழ்நாள் வேலையாக இருக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் கணக்கு. வராதவர்கள்?

இங்கேதான் நான் மிகவும் மதிக்கிற ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். பிரபாத் ஜா, டொரொண்டோவில் இருக்கும் இந்திய வம்சாவளி மருத்துவர். இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தோடு சேர்ந்து "பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு" என்று ஒன்றை நடத்தினார். நாடு முழுக்கத் தேர்ந்தெடுத்த சிறு சிறு பகுதிகளில், சாவு விழுந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் போய், "எப்படி இறந்தார், முதலில் என்ன ஆச்சு, எங்கே கொண்டுபோனீர்கள்" என்று கேட்டு எழுதி வருவார்கள். அந்தக் குறிப்பை இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் படித்து இறப்புக்குக் காரணம் எழுதுவார்கள். 2001–03 காலத்தில் 6,671 பகுதிகள், சுமார் 1,23,000 மரணங்கள். அதில் பாம்புக்கடி 562. இதை வைத்துக் கணக்கிட்டபோது, 2005இல் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 46,000 என்று வந்தது. மருத்துவமனைகளிலிருந்து அரசுக்குப் போன எண்ணிக்கையைப் போல 30 மடங்குக்கும் அதிகம். இறந்தவர்களில் முக்கால்வாசிக்கு மேல் எந்த ஆஸ்பத்திரியிலும் இறக்கவில்லை. வீட்டில், வழியில், வேர் கட்டுபவர் வீட்டுத் திண்ணையில்.

2011இல் இந்தக் கட்டுரை வந்த பிறகு பாம்புக்கடியைப் பற்றிய பேச்சே மாறியது. 2000 முதல் 2019 வரை 12 லட்சம் சாவு, வருஷத்துக்குச் சராசரி 58,000 என்று பின்னால் வந்த கணக்கும் இதே ஆய்வின் தொடர்ச்சிதான். அதுவரை எல்லா ஆஸ்பத்திரியும் தன் பதிவேட்டைத் திறந்து காட்டி, இங்கே சாவு கொஞ்சம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தது. சொன்னது பொய்யும் இல்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதமா என்று பார்க்கிறார்கள். மீட்டர் சரியாகவே வேலை செய்யும், ஆனால் மூட்டையில் மேலாக எடுத்தார்களா அடியில் குத்தி எடுத்தார்களா என்பதில் எண் மாறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிப் பதிவேடு மேலாக எடுத்த நெல்.

கணக்கில் மேலே போடுகிற எண்ணைப் பற்றி எல்லாரும் கவலைப்படுவார்கள்: எத்தனை பேருக்கு மருந்து போட்டோம், எத்தனை பேர் பிழைத்தார்கள். கீழே போடுகிற எண், அதாவது மொத்தம் எத்தனை பேரில் என்பது, யார் கண்ணிலும் படாது. உங்கள் மகள் "தரம், சமத்துவம்" என்று இரண்டாகச் சொன்னது என் கணக்கில் ஒன்றுதான். கீழே போடுகிற எண்ணில் யார் விடுபட்டார்கள் என்று தேடாமல் போட்ட தரக் கணக்கு எதையும் நான் நம்ப மாட்டேன்.

பாம்பையே இன்னும் கொஞ்சம் பார்ப்போம். கட்டுவிரியன் ராத்திரியில் கடிக்கும், பெரும்பாலும் தரையில் படுத்திருப்பவரை. கடித்த இடத்தில் வீக்கம் இருக்காது, பல தடவை பல் பட்ட தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்று வருவார்கள்; கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும், பிறகு மூச்சு நிற்கும். வயிற்று வலிக்கு ஊசி போட்டு அனுப்பினால் முடிந்தது. இந்த நோயாளிகள் யார்? கட்டில் இல்லாதவர்கள். தாழ்வான கூரை வீட்டில், நெல் மூட்டைக்கும் எலி வளைக்கும் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பவர்கள். ஆகவே "விடியற்காலை வயிற்று வலியில் வந்தவரின் இமையை டாக்டர் பார்த்தாரா" என்பது செயல்முறை அளவுகோல் மாதிரி தெரிந்தாலும், அதில் தவறினால் யார் வீட்டில் சாவு விழும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டதுதான்.

ஜூலியன் டியூடர் ஹார்ட் என்று ஒருவர், வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஊரில் குடும்ப டாக்டராக இருந்தவர். 1971இல் லான்செட் இதழில் எழுதினார்: எந்த மக்களுக்கு மருத்துவம் அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது. தலைகீழ் விதி என்று பெயர் வைத்தார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேதாரண்யம்தான் நினைவுக்கு வரும். உப்பளத்தில் வேலை செய்கிறவருக்கு மாரடைப்பு வந்தால் தஞ்சாவூர் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். திருவாரூரில் 2010இலும் நாகப்பட்டினம் ஒரத்தூரில் 2022இலும் மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கல்லூரி வந்ததைக் கொண்டாடுவதோடு நிற்காமல், யாருக்கு எத்தனை நிமிஷம் குறைந்தது, எந்தத் தெருவுக்குக் குறையவில்லை என்று கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

எதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று டெல்டாக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஊர்த்தெரு, காலனி. நிலம் உள்ளவர், கூலிக்குப் போகிறவர். பஸ் ரோட்டு ஊர், ஆற்றுக்கு அக்கரை ஊர். மீனவர் குப்பம். நம் மாநிலத்தின் சராசரி நன்றாகத்தான் இருக்கிறது: ஒரு லட்சம் உயிருள்ள பிரசவங்களுக்கு 2004–06இல் 111 தாய்மார் இறந்தார்கள், 2018–20இல் அது 54. இதே காலத்தில் இந்தியா 254இலிருந்து 97. கிராம சுகாதார செவிலியர்கள், 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், ஒவ்வொரு தாய் மரணத்தையும் உட்கார்ந்து விசாரிக்கிற பழக்கம், எல்லாம் சேர்ந்து கொண்டுவந்தது அது. ஆனால் 54 என்பது எல்லாரையும் கலக்கிப் போட்ட எண். மிச்சம் இருக்கிற சாவுகள் எந்தத் தெருவில் தேங்கி நிற்கின்றன என்பதை மாவட்டத்துக்கு மாதம் ஒன்று இரண்டு என்று வரும் எண்ணிக்கையிலிருந்து சொல்வது கடினம். எண் சின்னதாகச் சின்னதாகத் தற்செயல் எது, காரணம் எது என்று பிரிப்பது கஷ்டம். புள்ளியியல் உண்மையிலேயே வேண்டியிருக்கும் இடம் இது.

சராசரிக்குள் எவ்வளவு ஒளிந்திருக்கும் என்பதற்கு இன்னொன்று. ஜான் வென்பெர்க் என்ற மருத்துவர் 1973இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தை ஊர் ஊராகப் பிரித்துப் பார்த்தார். ஓர் ஊரில் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தொண்டைச் சதையை அறுத்து எடுத்திருந்தார்கள். பக்கத்து ஊரில் சிலருக்கு மட்டும். குழந்தைகள் ஒரே மாதிரி, நோய் ஒரே மாதிரி. டாக்டர்களின் வழக்கம் வேறு. இதை அங்கே நடந்த கதை என்று விட முடியாது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 2019–21இல், தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் 63.8, அரசு ஆஸ்பத்திரிகளில் 36. இந்தியா முழுக்க 21.5. எல்லாப் பெண்களும் ஆஸ்பத்திரியில் பிரசவிக்கிறார்கள் என்ற பெருமையோடு சேர்த்துப் படிக்க வேண்டிய எண்கள் இவை. கிடைக்காமல் போவது மட்டும் தரக்குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. தேவையில்லாமல் கிடைப்பதும் தரக்குறைவுதான். கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ யாருக்கு எதற்காகக் கத்தி வைக்கிறார்கள் என்று தெரு வாரியாகப் பார்த்துச் சொல்கிற ஆராய்ச்சியை உங்கள் மகள் செய்தால் நான் முதல் ஆளாகப் படிப்பேன். நண்பர்கள் சிலரை இழக்கவும் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

நண்பர்களை இழப்பது இந்தத் துறையில் புதிதல்ல. பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்று ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர் இருந்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டு, ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று எழுத வேண்டும், நன்றாக இல்லையென்றால் ஏன் என்று எழுத வேண்டும் என்றார். அவர் வேலை பார்த்த பெரிய ஆஸ்பத்திரி ஒத்துக்கொள்ளவில்லை. 1914இல் வேலையை விட்டார். தானே நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் 1911–16இல் சிகிச்சை முடிந்து போன 337 பேரில் 123 தவறுகள் நடந்தன என்று தன் செலவில் அச்சடித்து வெளியிட்டார். சக டாக்டர்களைக் கிண்டல் செய்து ஒரு கேலிச் சித்திரத்தையும் கூட்டத்தில் காட்டியதில் ஊரே எதிராகப் போனது. 1940இல் அவர் செத்தபோது கல்லறைக்குக் கல்கூட இல்லை, 2014இல்தான் வைத்தார்கள். இன்றைக்குப் பல ஆஸ்பத்திரிகள் அவர் கேட்டது போன்றதைத்தான் கம்ப்யூட்டரில் செய்கின்றன. கேலிச் சித்திரம் மட்டும் தேவையில்லாத வேலை என்று நினைக்கிறேன்.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, அதிலிருந்து எடுத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். ஸியாத் ஓபர்மேயர் என்று ஒரு டாக்டர் 2019இல் சயன்ஸ் இதழில் காட்டினார். அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் பயன்படுத்திய ஒரு மென்பொருள், யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று மதிப்பெண் போடும். நோயின் கடுமைக்குப் பதிலாக, அவருக்கு எவ்வளவு செலவாகும் என்பதை அது அளந்தது. கறுப்பின மக்களுக்கு மருத்துவம் கிடைப்பதே குறைவு என்பதால் செலவும் குறைவு; ஆகவே அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று அது முடிவு கட்டியது. சரிசெய்தால் கூடுதல் கவனிப்புப் பட்டியலில் அவர்கள் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும் என்று கணக்கிட்டார்கள். நம் ஊரில் காப்பீட்டுத் திட்டத்தின் தரவை வைத்து யாராவது "இந்த வட்டத்தில் நோய் குறைவு" என்று சொன்னால் இதை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கார்டை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் வரை போகக் கைக்காசும் துணைக்கு ஆளும் இல்லாதவர் அந்தத் தரவில் நோயே இல்லாதவர்.

நம் பழக்கவழக்கமும் கணக்கைக் கலைக்கும். வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். திருத்துறைப்பூண்டியில் பதிவு, பிரசவம் சீர்காழியில். மாமியார் வீட்டு நர்ஸின் நோட்டில் "வரவில்லை". அவளுக்கென்று ஒரு கர்ப்பப் பதிவு எண் கூடவே போகிறது என்பதால் இப்போது ஓரளவு சேர்த்துப் பார்க்க முடிகிறது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்குகிற பெண்கள் நடவுக் காலத்தில் வருவதில்லை. காலை ஏழு மணிக்கே சேற்றில் இறங்கியிருப்பார்கள். பதிவேட்டில் "ஒழுங்காக வராதவர்". 2020இல் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பில் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும் மட்டுமே கட்டுக்குள் இருந்தது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதற்குப் பின்னால் இந்த எண்ணும் இருந்தது. மாத்திரை வீட்டுக்கு வருவது நல்லது. வருகிற நேரத்தில் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்பதை உங்கள் மகள் குறுவை நடவின்போது ஒரு வாரம் கூடவே போய்ப் பார்த்தால், அதுவே ஒரு நல்ல கட்டுரை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சரியாகச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் கிடையாது. உத்தரப் பிரதேசத்தில் 120 பிரசவ நிலையங்களில், செவிலியர்களுக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்து, பக்கத்திலேயே ஆள் போட்டுப் பயிற்சி கொடுத்து, ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களைப் பின்தொடர்ந்தார்கள். அதுல் கவாண்டேயின் குழு. 2017இல் முடிவு வந்தது. கை கழுவுவது முதலான நடைமுறைகள் நன்றாக முன்னேறின. தாய் சேய் சாவு குறையவில்லை. இதை மறைக்காமல் அப்படியே வெளியிட்டார்கள் என்பதால் எனக்கு அந்தக் குழுவின் மேல் மரியாதை கூடியது. லான்செட் குழு ஒன்று 2018இல் போட்ட கணக்குப்படி, ஏழை, நடுத்தர நாடுகளில் தடுத்திருக்கக்கூடிய சாவுகளில் வருஷத்துக்கு 36 லட்சம் பேர் மருத்துவம் கிடைக்காமல் இறக்கிறார்கள். 50 லட்சம் பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தும் சரியான சிகிச்சை கிடைக்காமல் இறக்கிறார்கள். வேலை இல்லை என்ற நிலைமை வராது.

இனி நடைமுறை. அரசுப் பணியில் இருப்பதால் சர்வீஸ் ஒதுக்கீட்டில் எம்.டி. கம்யூனிட்டி மெடிசின் மூன்று வருஷம் என்பது நேர் வழி. அல்லது இரண்டு வருஷ எம்.பி.ஹெச்., அதாவது பொது சுகாதார முதுநிலைப் படிப்பு: சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம், இரண்டுமே நல்ல பெயர் உள்ளவை. வெளிநாட்டில் இந்தத் துறையின் பெரிய பெயர்கள் பலர் முதலில் ஜெனரல் மெடிசினோ குழந்தை மருத்துவமோ முடித்து, பிறகு ஆராய்ச்சி முறைகளுக்கு இரண்டு வருஷம் தனியாகப் படித்தவர்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் நோயாளிகளைப் பார்ப்பார்கள், மீதி நாள் தரவு. என்னைக் கேட்டால் உங்கள் ஆசைக்கும் அவர் ஆசைக்கும் நடுவில் இந்த வழி பொருந்தும்: ஜெனரல் மெடிசின் முடித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வரட்டும். ஓ.பி. பார்க்காத டாக்டர் தரத்தைப் பற்றிப் பேசினால் நம் ஆஸ்பத்திரிகளில் "ஏட்டுச் சுரைக்காய்" என்று ஒதுக்கிவிடுவார்கள். அது நியாயமில்லைதான், ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

சம்பளம்: மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தால் நிலையானது. ஆராய்ச்சித் திட்டங்களில் ஒப்பந்த வேலை என்றால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அடுத்தது என்ன என்ற கவலை. ஐ.சி.எம்.ஆர். நிதி, இந்தியா அலையன்ஸ் அமைப்பு மருத்துவ, பொது சுகாதார ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் ஃபெல்லோஷிப், இவற்றுக்கு விண்ணப்பம் எழுதவே ஒரு தனித் திறமை வேண்டும். மாலை நேர கிளினிக் வருமானத்தோடு ஒப்பிட்டால் தோற்றுவிடும். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது இதைச் சொல்லிப் புரியவைப்பது உங்கள் பாடு.

அதற்கு முன்னால், இந்த வேலை அவருக்குப் பிடிக்கிறதா என்று இப்போதே சோதித்துப் பார்க்கலாம், ஒரு பைசா செலவில்லாமல். 2024 நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டியதாக ஆக்கிவிட்டது. ஆகவே பதிவு எப்படியும் நடக்கிறது. அதோடு நாலு விஷயத்தை மட்டும் அவர் கூடுதலாக எழுதட்டும்: கடித்த நேரம், ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த நேரம், முதல் டோஸ் ஏறிய நேரம், எந்தத் தெரு. கூடவே தன் கிராம சுகாதார செவிலியர்களிடம், ஆஸ்பத்திரிக்கு வராமலே ஊரில் பாம்பு கடித்து இறந்தவர்கள் உண்டா என்று மாதக் கூட்டத்தில் விசாரிக்கட்டும். அவர்களுக்குத் தெரியும், யாரும் கேட்பதில்லை. மாவட்ட சுகாதார அலுவலரிடமும், கட்டுரையாக எழுதுவதாக இருந்தால் நெறிமுறைக் குழுவிடமும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். நோயாளிகளின் பெயர் எதுவும் அவருடைய சொந்த செல்போனில் ஏறக் கூடாது. ஒரு சம்பா போகம் முடிகிற வரை எழுதிவிட்டு அந்த நோட்டோடு என்னிடமோ, தஞ்சாவூரில் அவருடைய பழைய சமூக மருத்துவ (எஸ்.பி.எம்.) ஆசிரியர்களிடமோ வந்து காட்டச் சொல்லுங்கள்.